எஸ்டிஏ1 யார், எஸ்டிபி1 யார்? லினக்ஸ் கெர்னல் பார்ட்டிஷன்களைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்கும் விதம்

கடலூரில் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுப் பழகுகிற மாணவர்களில் பாதிப் பேர், முதல் நாளே "அண்ணே, டி டிரைவ் எங்கண்ணே போச்சு?" என்று கேட்டுவிடுகிறார்கள். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் (இந்தியாவில் உருவான ஒரு லினக்ஸ் வகை) இருந்தது. அவற்றில் பல இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அண்ணனோ அக்காவோ வாங்கியதை இப்போது தம்பி தூசி தட்டி எடுக்கிறான். விண்டோஸில் சி, டி, இ என்று பார்த்த கண்ணுக்கு லினக்ஸில் எஸ்டிஏ1, எஸ்டிஏ2, எஸ்டிஏ5 என்று தெரிகிறது. நடுவில் 3, 4 எங்கே என்று யாரும் சொல்வதில்லை.

இந்தப் பெயர்களை வைப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். எதைப் பார்த்து வைக்கிறது, எந்த வரிசையில் வைக்கிறது என்று புரிந்துவிட்டால் தவறான டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் ஆபத்து பெரும்பாலும் போய்விடும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கட்டளைகளையும் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். எஸ்டிஏ என்றால் எஸ், டி, ஏ என்ற மூன்று எழுத்து. எஸ்டிபி என்று நான் எழுதும்போதெல்லாம் கடைசி எழுத்து ஏ-வுக்கு அடுத்த பி. எல்எஸ்பிஎல்கே, பிஎல்கேஐடி என்ற கட்டளைகளிலும் அதே பி.

தேவையானவை: லினக்ஸ் ஓடும் ஒரு கணினி (பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓடும் உபுண்டு அல்லது மின்ட் போதும்), முக்கியமான கோப்பு எதுவும் இல்லாத இன்னொரு பென் டிரைவ்.

முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து எழுத்தைச் சேர்த்து அடியுங்கள். "எல்எஸ்பிஎல்கே" என்ற இந்தக் கட்டளை எதையும் எழுதாது, அழிக்காது. பயமில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். திரையில் ஒரு கிளைப் படம் வரும். இடது ஓரத்தில் இருப்பது முழு டிஸ்க். அதன் கீழே கிளையாக இருப்பவை பார்ட்டிஷன்கள், அதாவது அந்த டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள்.

உபுண்டுவில் லூப்0, லூப்1 என்று ஒரு படையே மேலே நிற்கும். அவை ஸ்னாப் செயலிகளின் கோப்புகள். டிஸ்க் அல்ல, விட்டுவிடுங்கள்.

அடுத்து அளவைப் பாருங்கள். 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் 465.8 என்று காட்டும், 1 டிபி என்பது 931.5 ஜி என்று நிற்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கட்டளை 1024-ஆக எண்ணுகிறது.

நான் எப்போதும் இதன் நீண்ட வடிவத்தைத்தான் ஓட்டச் சொல்வேன்:

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்,டிரான்

இதில் டிஸ்க்கின் மாடல், வரிசை எண், அது சாட்டாவில் (உள் டிஸ்க்கின் இணைப்பு வகை) இருக்கிறதா யுஎஸ்பியில் இருக்கிறதா என்பது வரை வந்துவிடும். பெயரை மட்டும் நம்பாமல் மாடலையும் அளவையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

பென் டிரைவைச் செருகி, கெர்னல் சொல்வதைக் கேளுங்கள்

இப்போது இதை அடியுங்கள் (சுடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்):

சுடோ டிமெஸ்ஜி -டபிள்யூ

டிமெஸ்ஜி என்பது டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்து. கெர்னல் தன் வேலையைப் பற்றி எழுதிக்கொண்டே போகும் குறிப்பு இது. திரை அப்படியே காத்திருக்கும். சரி, பென் டிரைவைச் செருகுங்கள்.

புதிய யுஎஸ்பி சாதனம் வந்திருக்கிறது என்று முதலில் ஒரு வரி வரும். அப்புறம் அது சேமிப்புச் சாதனம் என்று கண்டுகொண்டதாக ஒரு வரி. பிறகு சதுர அடைப்புக்குள் எஸ்டிபி என்ற பெயரும் (உங்கள் கணினியில் கடைசி எழுத்து வேறாக இருந்தால், இனி எஸ்டிபி என்று வரும் இடத்தில் அதையே போடுங்கள்), 512 பைட் கொண்ட பிளாக்குகள் இத்தனை என்ற கணக்கும் வரும். கடைசியில் சின்னதாக "எஸ்டிபி: எஸ்டிபி1" என்று ஒரு வரி நிற்கும்.

அந்தச் சின்ன வரிதான் நமக்கு வேண்டியது. டிஸ்க்கைக் கண்டதும், பார்ட்டிஷனைக் கண்டதும் தனித்தனி வேலைகள் என்பதை அது காட்டுகிறது.

முதல் வேலை டிரைவருடையது. யுஎஸ்பி டிரைவர் பென் டிரைவை ஸ்கஸி (பழைய டிஸ்க் இணைப்பு முறை) டிஸ்க் போலக் காட்டுகிறது. சாட்டா டிஸ்க்குகளையும் அப்படியே ஸ்கஸி வேடம் போட்டுத்தான் கெர்னல் உள்ளே அழைக்கிறது. அதனால்தான் மடிக்கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும், பையில் வைத்திருக்கும் பென் டிரைவும் ஒரே எஸ்டி குடும்பப் பெயரில் வருகின்றன. காலியாக உள்ள முதல் எழுத்து எதுவோ அது புதிதாக வந்ததற்குக் கிடைக்கும். இசட் வரை தீர்ந்தால் எஸ்டிஏஏ, எஸ்டிஏபி என்று போகும்.

இரண்டாம் வேலை, கெர்னலுக்குள் டிஸ்க்குகளைக் கவனிக்கும் பிளாக் அடுக்குடையது. டிஸ்க்கின் தொடக்கத்தைப் படித்து, பார்ட்டிஷன்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் அட்டவணையைத் தேடி, தனக்குத் தெரிந்த அட்டவணை வடிவங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறது. கெர்னல் மூலநிரலில் பிளாக் என்ற அடைவுக்குள் பார்ட்டிஷன்ஸ் என்று ஓர் அடைவு உண்டு. டாஸ் (எம்பிஆர் என்ற பழைய அட்டவணை), இஎஃப்ஐ (ஜிபிடி என்ற புதிய அட்டவணை), மேக் என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் அங்கே தனித்தனிக் கோப்பு இருக்கிறது. பொருத்திப் பார்க்கும் வரிசையில் இஎஃப்ஐ கட்டாயம் டாஸுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஏன் என்பது ஜிபிடி பகுதிக்கு வரும்போது தெரியும்.

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டத்தில் பார்ட்டிஷனுக்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமை ஈஎக்ஸ்டி4-ஆ, ஃபேட்32-ஆ என்று கெர்னல் பார்ப்பதில்லை. எந்த செக்டாரில் (டிஸ்க்கின் சிறு துண்டு, பெரும்பாலும் 512 பைட்) தொடங்குகிறது, எத்தனை செக்டார் நீளம் என்ற இரண்டு எண்கள் கிடைத்தால் அதற்குப் போதும், பெயரை வைத்துவிடும். உள்ளே இருப்பது என்ன என்ற கேள்வி மவுண்ட் செய்யும்போதுதான், அதாவது ஓர் அடைவோடு இணைத்துத் திறக்கும்போதுதான், கெர்னலுக்கு வருகிறது. எனவே எஸ்டிபி1 என்று பெயர் தெரிந்தும் மவுண்ட் ஆகவில்லை என்றால் அட்டவணை நன்றாக இருக்கிறது, கோளாறு கோப்பு முறைமையில் என்று பாதித் தூரம் நீங்களே வந்துவிடலாம்.

முதல் செக்டாரை உங்கள் கண்ணால் பாருங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டும் மேலே போகலாம். ஆனால் ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. டிமெஸ்ஜியைக் கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்திவிட்டு, பென் டிரைவின் பெயர் எஸ்டிபிதான் என்று உறுதி செய்துகொண்டு:

சுடோ ஹெக்ஸ்டம்ப் -சி -என் 512 /டெவ்/எஸ்டிபி

இதில் சி மட்டும் பேரெழுத்து. இது படிக்க மட்டுமே செய்யும். இணையத்தில் இதே வேலைக்கு டிடி என்ற கட்டளையைச் சொல்வார்கள். அதில் உள்ளே, வெளியே என்ற இரண்டு சொற்களை மாற்றிப் போட்டால் டிஸ்க் காலி. படிப்பதற்கு அது வேண்டாம்.

வந்த எண்களில் 1எஃப்0 என்று தொடங்கும் வரியின் (முன்னால் உள்ள பூஜ்யங்களை விட்டுவிடுங்கள்) கடைசி இரண்டு பைட்டைப் பாருங்கள். 55 ஏஏ என்று இருக்கும். இது அட்டவணை உள்ள செக்டார் என்பதற்கு அதுவே முத்திரை. 512 பைட்டில் முதல் 446 பைட் பூட் செய்யும் நிரலுக்கு. அடுத்த 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷன்களின் விவரம், ஆளுக்குப் பதினாறு பைட். மிச்சம் இரண்டு பைட் அந்த முத்திரை. எம்பிஆர் என்று சொல்வது இதைத்தான்.

446 என்பது பதினாறடி எண்முறையில் 1பிஇ. அதாவது 1பி0 என்று தொடங்கும் வரியின் கடைசி இரண்டு பைட்டில் முதல் பார்ட்டிஷனின் விவரம் ஆரம்பிக்கிறது. அடுத்த வரியில், 1சி0-இல், மூன்றாவது பைட் வகைக் குறி. பென் டிரைவில் பெரும்பாலும் 0பி அல்லது 0சி இருக்கும், இரண்டும் ஃபேட்32. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் என்றால் 07. லினக்ஸ் பார்ட்டிஷன் 83, ஸ்வாப் 82. அதே வரியில் ஏழாவது பைட்டிலிருந்து நான்கு பைட் தொடக்க செக்டார். அங்கே 00 08 00 00 என்று கண்டால், பின்னாலிருந்து படித்து 800, அதாவது 2048. இப்போதைய கருவிகள் முதல் 1 எம்ஐபியை விட்டுவிட்டு அங்கேதான் பார்ட்டிஷனைத் தொடங்குகின்றன.

தொடக்கத்துக்கும் நீளத்துக்கும் நான்கு நான்கு பைட்தான் இடம் என்பதால், 512 பைட் செக்டாரில் எம்பிஆர் 2 டிஐபிக்கு மேல் எண்ணத் தெரியாது. பெரிய டிஸ்க்குகளுக்கு ஜிபிடி கட்டாயமானது இதனால்தான்.

சில பென் டிரைவ்களில் அட்டவணையே இருக்காது. முழு டிஸ்க்கும் ஒரே ஃபேட் கோப்பு முறைமையாக இருக்கும். அங்கேயும் 55 ஏஏ உண்டு, ஆனால் கெர்னல் ஏமாறாமல் அது ஃபேட் பூட் செக்டார் என்று கண்டுகொள்ளும். அப்போது எஸ்டிபி1 வராது, எஸ்டிபியையே மவுண்ட் செய்ய வேண்டும்.

3, 4 எங்கே போயின?

எம்பிஆரில் நான்கே இடம். ஐந்தாவது பார்ட்டிஷன் வேண்டுமென்றால், நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் என்று ஒதுக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். கெர்னல் 1 முதல் 4 வரை எண்களை அந்த நான்கு இடத்துக்கே வைத்துவிட்டு, லாஜிக்கலை எப்போதும் 5-இலிருந்து எண்ணுகிறது. பழைய மடிக்கணினியில் டிமெஸ்ஜி இப்படிக் காட்டினால் படிக்கத் தெரிய வேண்டும்:

எஸ்டிஏ: எஸ்டிஏ1 எஸ்டிஏ2 < எஸ்டிஏ5 எஸ்டிஏ6 >

எஸ்டிஏ2 எக்ஸ்டெண்டட், கோணக் குறிக்குள் இருப்பவை அதன் பிள்ளைகள். 3, 4 தொலைந்துபோகவில்லை, அந்த இடங்கள் காலி. இங்கே ஒரு சிக்கல் உண்டு. எஸ்டிஏ5-ஐ அழித்துவிட்டால் 6-ஆக இருந்தது 5 ஆகிவிடும். சங்கிலியில் ஒரு கண்ணியை எடுத்தால் பின்னால் உள்ளது முன்னால் வருகிறது. முதல் நான்கில் இந்தச் சிக்கல் இல்லை.

ஜிபிடி டிஸ்க்கில் இந்தத் தொல்லையே கிடையாது. வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடம் இருக்கும், ஒவ்வொன்றும் 128 பைட். முதல் செக்டாரில் பழைய கருவிகளை ஏமாற்ற ஒரு பாதுகாப்பு எம்பிஆர் இருக்கும். டிஸ்க் முழுவதும் (அல்லது எம்பிஆரால் எண்ண முடிகிற மட்டும்) இஇ என்ற வகைக் குறி கொண்ட ஒரே பார்ட்டிஷன் என்று அது சொல்லும். டாஸ் முறைப்படி மட்டும் படித்தால் ஒரே பெரிய பார்ட்டிஷன்தான் தெரியும். இஎஃப்ஐ சோதனை முந்தி நிற்பது அதற்காகத்தான். இரண்டாவது செக்டாரில் உண்மையான தலைப்பு, அதற்குப் பின் பதிவுகள், டிஸ்க்கின் கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல். தலைப்பில் சரிபார்ப்பு எண்ணும் இருப்பதால், கெட்டுப்போனால் கெர்னலுக்கே தெரிந்துவிடும்.

நடுவில் பி வருவது எதற்கு?

புது மடிக்கணினியில் பெரும்பாலும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்பதால் எஸ்டிஏ இருக்காது, என்விஎம்இ0என்1பி2 என்று ஒரு நீளப் பெயர் இருக்கும். கன்ட்ரோலர் 0, அதில் நேம்ஸ்பேஸ் (கன்ட்ரோலரின் கீழுள்ள சேமிப்பிடம்) 1, அதில் பார்ட்டிஷன் 2. கன்ட்ரோலர் மட்டும் பூஜ்யத்திலிருந்து, மற்ற இரண்டும் ஒன்றிலிருந்து.

இந்தப் பி, பார்ட்டிஷன் என்ற சொல்லின் முதல் எழுத்து. விதி எளிது: டிஸ்க்கின் பெயர் எண்ணில் முடிந்தால் நடுவில் பி போடு, எழுத்தில் முடிந்தால் வேண்டாம். என்விஎம்இ0என்1 என்பதோடு 2-ஐ நேராக ஒட்டினால் 12 ஆகிவிடுமே! ராஸ்பெரி பையின் மெமரி கார்டு எம்எம்சிபிஎல்கே0பி1 ஆவதும் இதே விதியால்தான். மெய்நிகர் கணினியில் விடிஏ1 என்று வந்தால் பி கிடையாது, ஏனென்றால் விடிஏ எழுத்தில் முடிகிறது.

பெயர் நிலைக்காது

பழைய ஐடிஇ டிஸ்க் இணைப்புக் காலத்தில் எச்டிஏ என்றால் முதல் கேபிளின் மாஸ்டர், எச்டிபி அதன் ஸ்லேவ், எச்டிசி இரண்டாம் கேபிளின் மாஸ்டர். இடத்தைப் பார்த்துப் பெயர். நடுவில் டிஸ்க் இல்லாவிட்டாலும் எச்டிசி எச்டிசியாகவே இருக்கும். அந்த ஐடிஇ பகுதி 2021-இல் வந்த 5.14 கெர்னலில் முழுவதுமாக நீக்கப்பட்டது.

எஸ்டி பெயர்கள் அப்படி இல்லை. யார் முதலில் தென்பட்டாரோ அவர் ஏ. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கரை சேருகிற படகுகளை வந்த வரிசையில் முதலாவது, இரண்டாவது என்று எண்ணுவது போல இது. நாளைக்கு வரிசை மாறும், படகின் பக்கத்தில் பெயின்ட்டில் எழுதிய பதிவு எண் மாறாது. டிஸ்க்குகளை கெர்னல் ஒரே நேரத்தில் தேடுவதால், இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் இன்று எஸ்டிஏவாக இருந்தது நாளை எஸ்டிபியாக எழலாம். பென் டிரைவைச் செருகியபடியே கணினியைத் தொடங்கினாலும் இது நடக்கும்.

டிஸ்க்கின் பதிவு எண்ணைப் பார்க்க:

சுடோ பிஎல்கேஐடி

ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் யூயூஐடி என்று ஒரு நீண்ட எண் வரும். இது கோப்பு முறைமைக்குள் எழுதப்பட்டது. மறுபடி ஃபார்மட் செய்தால் மாறும், டிஸ்க்கை வேறு போர்ட்டில் மாட்டினால் மாறாது. பார்ட்யூயூஐடி என்று இன்னொன்றும் தெரியும். அது பார்ட்டிஷன் அட்டவணையிலிருந்து வருவது, ஃபார்மட் செய்தாலும் அப்படியே இருக்கும்.

கணினி தொடங்கும்போது தானாக மவுண்ட் ஆக வேண்டிய டிஸ்க்கை /எட்சி/எஃப்எஸ்டேப் கோப்பில் இப்படி எழுதுங்கள் (யூயூஐடி என்ற சொல் மட்டும் பேரெழுத்தில்):

யூயூஐடி=நீங்கள்-பார்த்த-எண் /டேட்டா ஈஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

/டேட்டா அடைவை முன்பே உருவாக்கி வையுங்கள். நோஃபெயில் என்பதை விடாதீர்கள். அது இல்லாமல் வெளி டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கணினியைத் தொடங்கினால், கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் அந்த டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குள் போய் நின்றுவிடும். எழுதிய பின் மறுதொடக்கம் செய்வதற்கு முன் "சுடோ மவுண்ட் -ஏ" என்று ஓட்டிப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே தெரியும்.

லினக்ஸ் நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் எழுதும்போது /டெவ்/எஸ்டிபி என்று கொடுப்பதைவிட /டெவ்/டிஸ்க்/பை-ஐடி அடைவில் உள்ள பெயரைக் கொடுக்கலாம். அதில் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். நீளம்தான், ஆனால் ஹார்ட் டிஸ்க்கைப் பென் டிரைவ் என்று நினைத்து அழிக்க வாய்ப்பில்லை. இந்தப் பெயர்களைக் கெர்னல் வைப்பதில்லை, கெர்னல் சொன்னதைக் கேட்டு யூடெவ் என்ற நிரல் உருவாக்கும் இணைப்புகள் இவை.

அட்டவணையை மாற்றியும் பழையதே தெரிகிறதா?

எஃப்டிஸ்க் என்ற பார்ட்டிஷன் கருவியில் புதிய பார்ட்டிஷன் உருவாக்கி எழுதிவிட்டீர்கள், ஆனால் எல்எஸ்பிஎல்கே அதைக் காட்டவில்லை. கெர்னல் அட்டவணையை ஒரு முறை படித்து நினைவில் வைத்திருக்கிறது. அந்த டிஸ்க்கின் ஏதாவது ஒரு பார்ட்டிஷன் பயன்பாட்டில் இருந்தால் முழுவதையும் மறுபடி படிக்க மறுத்துவிடும். "சுடோ பார்ட்ப்ரோப் /டெவ்/எஸ்டிபி" என்று ஓட்டிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் மறுதொடக்கம். அதுவரை அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள். கெர்னல் நினைத்துக்கொண்டிருக்கும் எல்லை வேறு, டிஸ்க்கில் எழுதியிருக்கும் எல்லை வேறாக இருக்கலாம்.

டிஸ்க் இருக்கிறது, பார்ட்டிஷன் இல்லை

2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர் நம்முடையது. நனைந்த கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கோடு ஆட்கள் வருவது இங்கே புதிதல்ல. தண்ணீர் உள்ளே போன ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரமே கொடுக்காதீர்கள். கோப்புகள் முக்கியம் என்றால் தரவு மீட்பு செய்பவரிடம் கொடுங்கள்.

நனையாத டிஸ்க் என்றால் டிமெஸ்ஜியைப் பாருங்கள். எஸ்டிபி என்ற பெயரே வரவில்லை என்றால் கேபிள், போர்ட், மின்சாரம் இவற்றில் ஒன்று. உப்புக் காற்றில் கனெக்டரின் முனைகள் பச்சை பிடிப்பது கரையோர வீடுகளில் சகஜம், வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். பெயர் வந்து, கூடவே ஐ/ஓ எர்ரர் என்ற வரிகள் ஓடினால் டிஸ்க் சாகிறது. முதலில் நகல் எடுங்கள், சோதனையெல்லாம் அப்புறம்.

பெயர் வந்தது, பிழை இல்லை, ஆனால் பார்ட்டிஷன் வரி காலி என்றால் அட்டவணை அழிந்திருக்கலாம். கோப்புகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். "டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜிபிடி என்றால் கடைசியில் உள்ள நகலிலிருந்து ஜிடிஸ்க் கொண்டு மீட்கலாம். எம்பிஆர் என்றால் டெஸ்ட்டிஸ்க் டிஸ்க் முழுவதும் தேடிப் பழைய எல்லைகளைக் கண்டுபிடிக்கும்.

ஆனால் அதற்கும் முன்பு, டிஸ்க்கை ஏதாவது யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சில பெட்டிகள் 512 பைட் செக்டாரை 4096 பைட் என்று கெர்னலுக்குச் சொல்லும். அட்டவணையில் உள்ள எண்கள் செக்டார் கணக்கில் இருப்பதால் எல்லாம் எட்டு மடங்கு தள்ளிப்போகும். ஜிபிடி தலைப்பையே கெர்னல் 512-ஆவது பைட்டில் தேடாமல் 4096-ஆவது பைட்டில் தேடும். டிமெஸ்ஜியில் 4096 பைட் லாஜிக்கல் பிளாக் என்று இருந்தால் டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றி, மேசைக் கணினியின் சாட்டா கேபிளில் நேராக மாட்டிப் பாருங்கள். எந்த மீட்புக் கருவியும் இல்லாமலே பார்ட்டிஷன்கள் வரிசையாக வந்து நிற்கக்கூடும்.